வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பூனை

அசையும் சித்திரங்களின் கதை – பகுதி 12

சென்ற பகுதியில் ஃபீலிக்ஸ் என்ற கறுப்புப் பூனையைப் பார்த்தோம். 1919-இல் திரைக்கு வந்த ஃபீலிக்ஸ் மகா கெட்டிக்காரப் பூனை. எந்த இக்கட்டில் மாட்டினாலும் தன் வாலையே கருவியாக்கிக்கொண்டு தப்பிவிடும். பேசாப்படக் காலத்துக் கார்ட்டூன் உலகில் அதன் கொடிதான் உயரப் பறந்தது.

21 ஆண்டுகள் கழித்து, 1940 பிப்ரவரி 10 அன்று, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு இன்னொரு பூனை வந்தது. இதற்கு எதுவுமே கைகூடவில்லை. ஒரு சுண்டெலியிடம் தோற்று, கடைசிக் காட்சியில் வீட்டைவிட்டே துரத்தப்பட்டது. படத்தின் பெயர் 'புஸ் கெட்ஸ் தி பூட்'. ஒன்பது நிமிடம் ஓடும் சிறுபடம். பூனையின் பெயர் ஜாஸ்பர். எலிக்குப் படத்தில் பெயரே கிடையாது. இந்த இருவரும்தான் பின்னாளில் டாம், ஜெர்ரி என்று உலகமெங்கும் அறியப்பட்டவர்கள்.

டாம் அண்ட் ஜெர்ரி என்றதும் எல்லோரும் எலியின் சாமர்த்தியத்தையே பேசுவார்கள். இந்தப் பகுதியில் நான் பூனையின் பக்கம் நின்று பேசப்போகிறேன். இந்தப் படம் உட்பட 18 ஆண்டுகளில் வந்த 114 படங்களுக்கும் அச்சாணியாக இருந்தது, முதல் படத்தில் அந்தப் பூனை தோற்ற விதம்தான்.

தடுமாறிய ஸ்டூடியோ

படம் பிறந்த இடத்தின் நிலைமையை முதலில் பார்த்துவிடுவோம். நட்சத்திரங்களுக்குப் பஞ்சமில்லாத எம்.ஜி.எம். நிறுவனம், கார்ட்டூன்களை மட்டும் வெகுகாலம் வெளியாரிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. ஹியூ ஹார்மன், ருடால்ஃப் ஐசிங் என்ற இருவர் படங்களைச் செய்து கொடுத்தார்கள். கணக்கு எகிறியதும் நிறுவனம் அவர்களை விட்டுவிட்டு, 1937-இல் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் சொந்தமாகக் கார்ட்டூன் ஸ்டூடியோ தொடங்கியது. பொறுப்பாளராக வந்தவர் ஃப்ரெட் குவிம்பி. படங்களை விற்கும் தொழிலில் பழுத்தவர். கார்ட்டூன் வரைவதில் அவருக்கு அனுபவம் கிடையாது.

நியூயார்க்கிலிருந்தும் மற்ற ஸ்டூடியோக்களிலிருந்தும் ஆட்களைத் திரட்டி, பத்திரிகைச் சித்திரத் தொடர் ஒன்றைப் படமாக்கினார்கள். 'தி கேப்டன் அண்ட் தி கிட்ஸ்' என்ற அந்த வரிசை எடுபடவில்லை. வேறு வழியில்லாமல், வெளியே அனுப்பிய ஹார்மனையும் ஐசிங்கையும் நிறுவனமே திரும்ப அழைத்துக்கொண்டது. டிஸ்னியோ 1932 முதல் கார்ட்டூனுக்கான ஆஸ்கரை ஒரு வருடம் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார். எம்.ஜி.எம்.மின் சிங்கச் சின்னத்துக்கு இது பெரிய தலைகுனிவு.

ஐசிங்கின் குழுவில் வேலைசெய்த இரண்டு இளைஞர்கள்தான் நம் கதையின் நாயகர்கள்: வில்லியம் ஹான்னா, ஜோசஃப் பார்பெரா.

எதிரெதிர் மேசைகள்

ஹான்னா 1910-இல் நியூ மெக்சிகோவின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளமையில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் தியேட்டர் கட்டுமானத்தில் வேலை பார்த்தார். பொருளாதார வீழ்ச்சி வந்தது, வேலை போனது. கார் கழுவும் இடத்தில் வேலை செய்து பிழைத்தார். பிறகு 1930-இல் ஹார்மன்–ஐசிங்கிடம் சேர்ந்து, அடிமட்டத்திலிருந்து மேலே வந்தார். பிரமாதமான ஓவியர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. இசை தெரிந்தவர். ஒரு அசைவு எத்தனை நொடி நீடிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கு உள்ளுணர்வாகவே வந்தது.

பார்பெரா 1911-இல் நியூயார்க்கில் பிறந்தவர். வங்கியில் எழுத்தர் வேலை. கணக்கெழுதிக்கொண்டே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைச் சித்திரங்கள் அனுப்பி, சிலவற்றை விற்கவும் செய்தார். பின்பு வேன் பியூரன், டெர்ரிடூன்ஸ் ஆகிய கார்ட்டூன் நிறுவனங்களில் தேறி, 1937-இல் எம்.ஜி.எம்.முக்கு வந்தார். கைவேகம் அபாரம். ஒரு நகைச்சுவையை வாயால் சொல்லி முடிப்பதற்குள் அதைக் காகிதத்தில் காட்டிவிடுவார்.

இருவரும் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பார்பெரா கதையையும் நகைச்சுவையையும் வரைந்து தள்ளுவார். ஹான்னா அதற்குக் காலக்கணக்குப் போட்டு அனிமேட்டர்களிடம் பிரித்துக் கொடுப்பார். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. பிற்பாடு சொந்த நிறுவனம் கண்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த கூட்டணி இது.

என்ன படம் செய்யலாம் என்று யோசித்த இருவரும் பூனையையும் எலியையும் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டூடியோவில் யாருக்கும் உற்சாகம் வரவில்லை. பூனையும் எலியும் பார்த்துச் சலித்த சமாச்சாரம், அதில் புதிதாக எத்தனை விதம் செய்துவிட முடியும் என்று சக கலைஞர்களே உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஒன்பது நிமிடம்

படம் தொடங்கும்போது ஜாஸ்பர் சுண்டெலியின் வாலைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறது. ஓடவிடுகிறது, இழுக்கிறது, மறுபடி ஓடவிடுகிறது. பசி கிடையாது, வன்மமும் கிடையாது. தப்பிக்க வழியில்லாத ஒன்றிடம் தன் பலத்தைக் காட்டிப் பார்க்கும் சுகம், அவ்வளவுதான். பிறகு விரலை மையில் தோய்த்து, சுவரில் எலிவளை போலவே ஒரு கறுப்பு வளைவை வரைகிறது. வளை என்று நம்பி முழு வேகத்தில் ஓடிவரும் எலி சுவரில் மோதி மயங்கி விழுகிறது. மீன் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துத் தெளித்து ஜாஸ்பரே எலியை எழுப்புகிறது. விளையாட்டு அதற்குள் முடிந்துவிடக் கூடாதல்லவா! கண்விழித்த எலி பூனையின் கண்ணிலேயே ஒரு குத்து விடுகிறது.

ஆத்திரத்தில் துரத்திக்கொண்டு ஓடும் ஜாஸ்பர், பூந்தொட்டி வைத்த கிரேக்கத் தூண் ஒன்றை இடித்துத் தள்ளிவிடுகிறது. தொட்டி நொறுங்குகிறது. வீட்டுப் பணிப்பெண் வருகிறாள். அவளுடைய முகம் நமக்குத் தெரிவதில்லை. பூனையின் கண் உயரத்தில் கேமரா இருப்பதால் செருப்பும் பாவாடையும் கையும்தான் தெரிகின்றன. இன்னும் ஒரே ஒரு பொருள் உடைந்தால் நீ வெளியே போக வேண்டியதுதான் என்று எச்சரித்துவிட்டுப் போகிறாள்.

படம் தலைகீழாகத் திரும்புவது இங்கேதான். ஜாஸ்பர் மறுபடி பாய்கிறது. மேசை விளிம்பில் நிற்கும் எலி கையில் ஒரு கண்ணாடிக் கோப்பையைப் பிடித்திருக்கிறது. கீழே போடட்டுமா என்பதுபோல் நீட்டுகிறது. பாய்ந்துவந்த பூனை அப்படியே நின்றுவிடுகிறது. அந்த நொடியில் ஜாஸ்பரின் முகத்தைப் பாருங்கள். பல்லைக் காட்டிய வாய் மெல்லச் சுருங்கி அசட்டுச் சிரிப்பாகிறது. ஒரு சொல் இல்லை. யார் எஜமான், யார் அடிமை என்பது இடம் மாறிவிட்டது.

எலி கோப்பையைப் போடுகிறது, பூனை விழுந்தடித்துப் பிடிக்கிறது. இன்னொன்று, மற்றொன்று. ஜாஸ்பரும் முட்டாளில்லை. வீட்டிலிருக்கும் தலையணை, மெத்தைகளையெல்லாம் கொண்டுவந்து தரை முழுக்கப் பரப்பிவிடுகிறது. இனி எது விழுந்தாலும் உடையாது. எலியின் ஆயுதம் போயிற்று, பூனையின் கை மறுபடி ஓங்குகிறது. ஆனால் கடைசியில் எலி பீங்கான் தட்டுகள் இருக்கும் இடத்தை எட்டிவிடுகிறது. ஒவ்வொன்றாக வீசுகிறது. ஜாஸ்பர் பிடித்துப் பிடித்து அடுக்குகிறது. இரண்டு கையிலும் தட்டுக்கோபுரம், நகர வழியில்லை. எலி சாவகாசமாகப் பின்னால் வந்து ஓர் உதை விடுகிறது. அத்தனையும் சரிந்து நொறுங்குகின்றன.

பணிப்பெண் வந்து ஜாஸ்பரை இழுத்துக்கொண்டுபோய் வெளியே எறிகிறாள். எலி டாட்டா காட்டுகிறது. தன் வளையின் வாசலில் 'இனிய இல்லம்' என்ற பொருள்படும் பலகையை நாட்டிவிட்டு உள்ளே போகிறது.

தோல்வியின் இலக்கணம்

சிறியவன் பெரியவனை வெல்லும் கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் பெரியவன் மடையனாக இருப்பான். சிங்கம் கிணற்றில் தன் நிழலைப் பார்த்துப் பாய்ந்ததால்தான் முயல் பிழைத்தது. ஜாஸ்பர் விஷயம் வேறு. அதற்குப் பலம் இருக்கிறது, அறிவு இருக்கிறது, வளையை வரைந்து ஏமாற்றும் கலைத்திறமைகூட இருக்கிறது. மெத்தை பரப்பும் யோசனை எந்தப் புத்திசாலிக்கும் வரக்கூடியது. இத்தனையும் இருந்தும் அது தோற்கிறது. ஏன் என்றால், அது ஒன்றைக் காப்பாற்றியாக வேண்டும். வீடு போய்விடக் கூடாது.

எலிக்கு இழக்க ஒன்றுமில்லை. கோப்பை உடைந்தால் அதற்கு என்ன வந்தது? பூனைக்கோ ஒவ்வொரு கோப்பையும் தன் படுக்கை, தன் பால் கிண்ணம், தன் கூரை. எலியின் கையில் இருப்பது பூனையின் பயம். அந்தப் பயத்தை வைத்தே எலி அதை ஆட்டிவைக்கிறது.

1940-இன் அமெரிக்கப் பார்வையாளருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. 1929 வீழ்ச்சிக்குப் பிறகு ஒரு தலைமுறை முழுவதும் வேலை போய், வீடு போய் நின்றிருந்தது. முதலாளியின் முன்னால் தட்டு உடையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதைத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அறிவார்கள். வேலையிழந்து கார் கழுவிய ஹான்னாவும் அறிவார். இதைத் திட்டமிட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜாஸ்பரின் கண்ணில் தெரியும் அந்தக் கலக்கத்தில் அந்தப் பத்தாண்டின் சாயல் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னால் வந்த படங்களில் நாய் ஸ்பைக்கின் தூக்கம், விருந்தினர் முன் மரியாதை, மேடைக் கச்சேரியின் கௌரவம் என்று காப்பாற்ற வேண்டிய பொருள் மாறிக்கொண்டே வந்தது. 1947-இல் வந்த 'தி கேட் கான்செர்ட்டோ' இதற்குச் சிகரம். வால்கோட் அணிந்த டாம், லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியைப் பியானோவில் வாசிக்கிறது. பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி விழித்துக்கொள்கிறது. என்ன நடந்தாலும் வாசிப்பை நிறுத்த முடியாது, சபை பார்த்துக்கொண்டிருக்கிறது. கோப்பைக்குப் பதில் கச்சேரி, கட்டுப்பாடு அதேதான்.

ஃபிரேமும் தாளமும்

இந்தப் படங்களைச் செய்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும். ஒன்பது நிமிடம் என்றால் 12,960 ஃபிரேம்கள். ஒரு சித்திரத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நிலைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் பென்சிலில் வரைந்து, செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுத்து, பின்பக்கம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படம்பிடிப்பார்கள்.

வரைவதற்கு முன்பே தாளம் நிச்சயமாகிவிடும். 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. பூனை எத்தனையாவது தட்டில் ஓடத் தொடங்கும், எதில் வழுக்கும், எதில் மோதும் என்பதையெல்லாம் ஹான்னா தாளில் குறித்துவிடுவார். இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி அந்தக் கணக்கின் மேல் இசையைக் கட்டுவார். வசனம் மிகக் குறைவு, ஆகவே பேச வேண்டியதையெல்லாம் வாத்தியங்கள் பேசின. பிராட்லி சாதாரண ஆளில்லை. ஐரோப்பிய நவீன இசையின் பன்னிரு சுர முறையை, 1944-இல் வந்த 'புட்டிங் ஆன் தி டாக்' படத்தில் கார்ட்டூன் இசைக்குள் கொண்டுவந்தவர். கச்சேரி அரங்குகளிலேயே காதுக்குப் பழகாத அந்த இசையைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

டாம் வலியில் போடும் கூச்சல் ஞாபகம் இருக்கிறதா? அது ஹான்னாவின் சொந்தக் குரல். ஒலிப்பதிவு செய்த அலறலின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு, உச்சத்தை மட்டும் படத்தில் சேர்த்தார்கள். அதனால்தான் அந்தச் சத்தம் அவ்வளவு திடீரென்று வெடிக்கிறது.

முதல் படத்தின் ஜாஸ்பர் நமக்குப் பழக்கமான டாம் போல இருக்காது. உடலெங்கும் சடைமுடி, முகத்தில் நிறையக் கோடுகள், பெரும்பாலும் நான்கு காலில் நடை. அவ்வளவு கோட்டையும் ஒவ்வொரு சித்திரத்திலும் வரைவது பெரும்பாடு. படத்துக்குப் படம் கோடுகள் குறைந்து, உருவம் வழவழப்பாகி, டாம் இரண்டு காலில் எழுந்து நின்றது. 1941-இல் டெக்ஸ் ஏவரி என்ற இயக்குநர் அதே ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்த பிறகு வேகமும் மூர்க்கமும் பல மடங்கு கூடின.

டெக்சாஸிலிருந்து ஒரு கடிதம்

படம் வெளிவந்தபோது திரையில் இருந்த பெயர் ருடால்ஃப் ஐசிங்குடையது மட்டுமே. ஹான்னா, பார்பெரா பெயர்கள் இல்லை. குவிம்பி அவர்களை வேறு படங்களுக்கு அனுப்பிவிட்டார். குதிரைகளை வைத்து 'கேலப்பின் கேல்ஸ்', போலீஸ் நாயை வைத்து 'ஆஃபீசர் பூச்' என்று ஏதேதோ செய்தார்கள். அவை இன்று ஆய்வாளர்கள் மட்டும் அறிந்த படங்கள்.

ஆனால் திரையரங்குகளில் பூனைப்படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. அந்த ஆண்டு போட்டியில் இருந்த மூன்று கார்ட்டூன்களில் டிஸ்னியின் படம் ஒன்றுகூட இல்லை. ஒன்று பக்ஸ் பன்னியை இன்று நாம் அறிந்த உருவில் நிலைநிறுத்திய 'எ வைல்ட் ஹேர்'. மற்ற இரண்டும் எம்.ஜி.எம். தயாரிப்புகள், இரண்டிலும் பூனைகள். ஐசிங் இயக்கிய 'தி மில்க்கி வே' படத்தின் மூன்று பூனைக்குட்டிகள் பரிசைத் தட்டிச் சென்றன. டிஸ்னியின் தொடர் வெற்றி முதன்முறையாக முறிந்தது அப்போதுதான். ஜாஸ்பர் பரிசிலும் தோற்றது.

இந்த நிலையில் டெக்சாஸ் திரையரங்குத் தொழிலில் செல்வாக்குப் பெற்றிருந்த பெஸ்ஸா ஷார்ட் என்ற பெண்மணி எம்.ஜி.எம்.முக்குக் கடிதம் எழுதினார். அந்த அருமையான பூனை–எலிப் படங்கள் இன்னும் வருமா என்று கேட்டிருந்தார். ரசிகர்களின் நாடி தெரிந்த ஒருவர் கேட்டதும் குவிம்பியின் மனம் மாறியது. வரிசையாகவே செய்யச் சொல்லி உத்தரவானது. பெயர் வைக்க ஸ்டூடியோவுக்குள் ஒரு போட்டி நடந்தது. அனிமேட்டர் ஜான் கார் எழுதிப்போட்ட 'டாம் அண்ட் ஜெர்ரி' தேர்வாகி, அவருக்கு 50 டாலர் பரிசு கிடைத்தது. 1941 ஜூலையில் இரண்டாவது படம் 'தி மிட்நைட் ஸ்நாக்' வந்தது. பிறகு நின்றது 1958-இல்தான்.

மறைக்கக் கூடாத பக்கம்

வரலாறு எழுதுகிறவன் பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது. முகம் காட்டாத அந்தப் பணிப்பெண், வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்த கறுப்பினப் பெண்களைப் பற்றி அன்று புழங்கிய இழிவான வார்ப்பில் செய்யப்பட்டவள். லில்லியன் ரண்டால்ஃப் என்ற தேர்ந்த கறுப்பின நடிகை குரல் கொடுத்தார். திரைத்துறை அவரைப் போன்றவர்களுக்குத் திறந்துவைத்திருந்த கதவுகள் அவ்வளவே. வெடித்த புகையில் முகம் கறுத்தால் சிரிக்க வேண்டும் என்ற வகை நகைச்சுவையும் பல படங்களில் இருக்கிறது. கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. எதிர்ப்புத் தெரிவித்தது. 1952-க்குப் பிறகு அந்தப் பாத்திரம் வரவில்லை. 1960-களில் தொலைக்காட்சிக்காக அவளுடைய உருவத்தையும் குரலையும் மாற்றிச் சில பதிப்புகள் செய்தார்கள்.

அழித்துவிடுவதால் நடந்தது நடக்காததாகிவிடாது. படத்தின் கலையை மதிப்பவர்கள் இந்தக் குறையையும் அதே வாயால் சொல்ல வேண்டும். வீடு போய்விடுமோ என்று நடுங்கும் பூனைமேல் காட்டிய கரிசனத்தை, அதே வீட்டில் கூலிக்கு உழைத்த பெண்மேல் இந்தப் படங்கள் காட்டவில்லை.

மேடை ஏறாத இருவர்

1943 முதல் 1953 வரை வெளிவந்த டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் ஏழு ஆஸ்கர்களை வென்றன. 'தி யாங்கி டூடுல் மவுஸ்' தொடங்கி 'ஜோஹான் மவுஸ்' வரை. ஏழு சிலைகளும் தயாரிப்பாளர் என்ற முறையில் குவிம்பி கைக்குப் போயின. வரைந்தவரும் காலக்கணக்குப் போட்டவரும் அந்தச் சிலைகளைப் பெறவில்லை.

1955-இல் குவிம்பி ஓய்வுபெற்றார். பொறுப்பு ஹான்னா, பார்பெரா வசம் வந்தது. ஆனால் அதற்குள் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. பழைய படங்களையே மறுபடி வெளியிட்டால் ஏறக்குறையப் புதுப்படத்துக்கு வரும் பணம் வந்துவிடுகிறது என்று நிறுவனம் கணக்குப் பார்த்தது. 1957-இல் கார்ட்டூன் ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். இருபது ஆண்டுகள் உழைத்த இடத்திலிருந்து அதன் கலைஞர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஹான்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குப் போய், குறைந்த சித்திரங்களில் படம் செய்யும் புதிய முறையால் இன்னொரு சாம்ராஜ்யத்தை எழுப்பியது தனிக்கதை. 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' வரும் பகுதியில் அதை விரிவாகப் பார்ப்போம்.

என் தீர்ப்பு இதுதான். ஃபீலிக்ஸ் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் வியந்தோம். மனிதரைப் போல எதையோ இழக்கப் பயந்த முதல் பெரும் கார்ட்டூன் பூனை ஜாஸ்பர்தான். பேச்சே தேவைப்படாமல் எல்லா நாட்டிலும் அது புரிந்ததற்கு அந்தப் பயமே காரணம். 1995-இல் இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தபோது நம் பிள்ளைகளுக்கும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தமுறை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் டாம் அண்ட் ஜெர்ரி பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். எலி என்ன செய்கிறது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் பூனையின் முகத்தைப் பாருங்கள். படம் முடிந்ததும் ஹான்னா, பார்பெரா, பிராட்லி, ரண்டால்ஃப் என்ற நான்கு பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

(தொடரும். அடுத்த பகுதியில்: டெக்ஸ் ஏவரி)